நேர் வடக்கே இருக்கும் நியூயார்க்குக்கு விமானம் ஏன் கிழக்கே பறக்கிறது?

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையம் எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தேடினால் ஓர் இடத்தில் 15,349 என்று வரும். இன்னோர் இடத்தில் 9,537, மற்றோர் இடத்தில் 8,288. நியூயார்க்கை ஒட்டியிருக்கும் நுவார்க் நகரத்துக்கு 2018இல் இடைநில்லாச் சேவையைத் தொடங்கியபோது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அறிவித்த தூரமோ சுமார் 16,700 கிலோமீட்டர். கென்னடி, நுவார்க் ஆகிய இரண்டு விமான நிலையங்களும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. அந்த இடைவெளியால் இவ்வளவு வேறுபாடு வர வாய்ப்பில்லை.

பயண நேரத்திலும் இதே குழப்பம்தான். தூரத்தை வேகத்தால் வகுத்துப் பார்த்தால் 17 மணி நேரம் வருகிறது. டிக்கெட்டிலோ பதினெட்டரை மணிக்கு மேல் அச்சிட்டிருக்கிறார்கள். இருக்கைக்கு எதிரே உள்ள திரையில், போகும்போது விமானம் ஜப்பான் பக்கம் நகர்கிறது. திரும்பும்போது பல நாட்களில் ஐரோப்பாவைக் கடந்து வருகிறது. குடும்பத்தில் ஒருவரை வழியனுப்பிவிட்டுக் கைப்பேசியில் விமானத்தைத் தொடர்ந்து பார்ப்பவர்கள், வழி தவறிவிட்டதோ என்று பதறுவதும் உண்டு.

வழி தவறவில்லை. மேலே சொன்ன எண்களில் எதுவும் பிழையும் இல்லை. ஒவ்வோர் எண்ணும் வெவ்வேறு கேள்விக்கான விடை.

மூன்று எண்கள், ஒரே தூரம்

முதல் மூன்று எண்களின் சிக்கல் அளவைதான். 15,349 என்பது கிலோமீட்டர். 9,537 என்பது சாலைகளில் பயன்படும் சாதாரண மைல். ஒரு மைல் 1.609 கிலோமீட்டர். 8,288 என்பது கடல் மைல், அது 1.852 கிலோமீட்டர். மூன்றையும் மாற்றிப் பார்த்தால் ஒரே தூரம்தான் கிடைக்கும்.

விமானத் துறை இன்றும் கடல் மைலை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. பூமியின் நடுவிலிருந்து பார்க்கும்போது ஒரு பாகை கோணத்தை அறுபதாகப் பிரித்தால் வரும் ஒரு கலை, தரையில் எவ்வளவு நீளமோ அதுவே ஒரு கடல் மைல். ஆகவே அட்சரேகையில் 10 பாகை வடக்கே போனால் 600 கடல் மைல் போயிருக்கிறோம் என்று மனக்கணக்காகச் சொல்லிவிடலாம். கோணமும் தூரமும் ஒரே கணக்கில் அடங்கிவிடுகின்றன. கட்டுரையின் மையக் கணக்குக்கு இது உதவும்.

பெருவட்டம்: உருண்டையின் மேல் நேர்க்கோடு

தட்டையான தாளில் இரு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய வழி நேர்க்கோடு. உருண்டையின் மேல் அப்படி ஒரு கோடு போட முடியாது. பூமியின் மையம் வழியாகச் செல்லும் ஒரு தளம் உருண்டையை இரண்டு சம பாதியாக வெட்டினால், மேற்பரப்பில் ஒரு வட்டம் விழும். அதுதான் பெருவட்டம். இரு ஊர்களையும் தொடும் பெருவட்டத்தின் சிறிய பகுதியே அவற்றுக்கு இடையிலான மிகக் குறுகிய பாதை. பூகோள உருண்டை இருந்தால் ஒரு நூலை இரண்டு ஊர்களிலும் பிடித்து இறுக்கி இழுத்துப் பாருங்கள். நூல் தானாகவே பெருவட்டத்தில் போய் அமரும்.

பள்ளிச் சுவரில் தொங்கும் உலகப் படம் இந்த இடத்தில் நம்மை ஏமாற்றிவிடுகிறது. உருண்டையைத் தாளில் விரிக்கும்போது துருவப் பகுதிகள் பக்கவாட்டில் இழுபட்டுப் பெருக்கின்றன. ஒரே புள்ளியான வடதுருவம் படத்தின் மேல் விளிம்பு முழுவதும் பரவிவிடுகிறது. அந்தப் படத்தைப் பார்த்தால் சிங்கப்பூருக்கு நியூயார்க் ஏதோ கிழக்கே, அல்லது மேற்கே, ஒரு பெருங்கடலுக்கு அப்பால் இருப்பதாகத்தான் தோன்றும்.

உண்மையில் அது எங்கே இருக்கிறது என்று கணக்கிடுவோம். சாங்கி கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையில், பூமத்திய ரேகைக்கு வடக்கே 1.35 பாகையில் இருக்கிறது. கென்னடி விமான நிலையம் மேற்குத் தீர்க்கரேகை சுமார் 73.8இல், வடக்கே 40.64 பாகையில் இருக்கிறது. 104ஐயும் 73.8ஐயும் கூட்டினால் 177.8 வருகிறது. உருண்டையின் நேர் எதிர்ப்பக்கம் என்றால் 180 ஆக இருக்க வேண்டும். இரண்டு பாகைதான் குறைவு. அதாவது சிங்கப்பூரின் தீர்க்கரேகையைப் பிடித்துக்கொண்டு வடக்கே ஏறி, துருவத்தைத் தாண்டி மறுபக்கம் இறங்கினால், நியூயார்க்குக்கு மிக அருகில் வந்து சேர்ந்துவிடலாம்.

கணக்கு இப்படி நடக்கும்:

1. சிங்கப்பூரிலிருந்து வடதுருவம் வரை: 90 – 1.35 = 88.65 பாகை.
2. வடதுருவத்திலிருந்து நியூயார்க் வரை: 90 – 40.64 = 49.36 பாகை.
3. இரண்டையும் கூட்டினால் 138 பாகை.
4. ஒரு பாகைக்கு 60 கடல் மைல் என்று வைத்தால் 8,280 கடல் மைல். கிலோமீட்டரில் சுமார் 15,335.

கணினி தரும் 15,349க்கும் இதற்கும் 14 கிலோமீட்டர்தான் வேறுபாடு. பூமி சரியான உருண்டை அல்ல, நடுவில் சற்றுப் புடைத்தது என்பதையும், பாதை துருவத்தைத் தொடாமல் சற்றே ஒதுங்கிப் போகிறது என்பதையும் சேர்த்தால் அந்த இடைவெளி அடைபட்டுவிடும். ஒரு பக்கத் தாளில் முடிகிற இந்தக் கணக்கு, பெரிய கணினியின் விடையோடு ஏறத்தாழ ஒன்றிப்போவது எனக்கு எப்போதும் வியப்பைத் தருகிறது.

அந்தப் பெருவட்டப் பாதை எந்த நிலங்களின் மேல் போகிறது? தாய்லாந்து, லாவோஸ், சீனாவின் குன்மிங் நகரத்தை ஒட்டிய பகுதி, மங்கோலியா, பைக்கால் ஏரிக்கு மேற்கே சைபீரியா, ஆர்க்டிக் பெருங்கடல். துருவத்திலிருந்து சுமார் 280 கிலோமீட்டர் தள்ளிக் கடந்து, கிரீன்லாந்தின் வடமேற்கு மூலை, பாஃபின் தீவு, கனடாவின் கியூபெக் வழியாக நியூயார்க்கில் இறங்குகிறது. சிங்கப்பூரில் நின்று நியூயார்க் இருக்கும் திசையைக் கை காட்டச் சொன்னால், கிட்டத்தட்ட நேர் வடக்கைக் காட்ட வேண்டும்.

ஆனால் விமானம் அந்த வழியில் போவதில்லை.

எதிர்ப்பக்கத்து ஊருக்கு எல்லாத் திசையும் ஏறத்தாழ ஒன்று

சென்னையிலிருந்து டெல்லிக்குப் போக மும்பை வழியாகச் சுற்றினால் தூரம் வெகுவாகக் கூடிவிடும். ஆனால் இரண்டு ஊர்களும் உருண்டையின் எதிரெதிர்ப் பக்கங்களை நெருங்க நெருங்க, சுற்றிப் போவதன் தண்டனை குறைந்துகொண்டே வரும். சரியாக எதிர்ப்புள்ளியில் இருக்கும் இரண்டு ஊர்களுக்கு எந்தத் திசையில் கிளம்பினாலும் தூரம் ஒன்றேதான்: பூமியின் சுற்றளவில் பாதி, ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர்.

சிங்கப்பூரும் நியூயார்க்கும் அந்த நிலைக்கு முழுவதும் வரவில்லை என்றாலும் நன்றாகவே நெருங்கியிருக்கின்றன. இரண்டு மாற்று வழிகளை எடுத்துக்கொள்ளலாம்.

பசிபிக் வழி: சிங்கப்பூரிலிருந்து டோக்கியோவின் நரிட்டா சுமார் 5,350 கிலோமீட்டர். அங்கிருந்து நியூயார்க் சுமார் 10,850. மொத்தம் 16,200.

அட்லாண்டிக் வழி: நியூயார்க்கிலிருந்து லண்டன் ஹீத்ரோ 5,540 கிலோமீட்டர். அங்கிருந்து சிங்கப்பூர் சுமார் 10,880. மொத்தம் 16,420.

வடதுருவத்தை ஒட்டிய மிகக் குறுகிய பாதையைவிட ஒன்று சுமார் 850 கிலோமீட்டர் கூடுதல். மற்றொன்று சுமார் 1,070. ஒன்று டோக்கியோ, மற்றொன்று லண்டன். பெரும்பாலான பயணங்களில் இவ்விரண்டும் ஒரே புறப்பாட்டுக்கு மாற்று வழிகளாக வந்து நிற்காது. இங்கே இரண்டுக்கும் கூடுதல் தூரம் ஆறேழு சதவீதத்துக்குள் அடங்கிவிடுகிறது. இவ்வளவு சிறிய வேறுபாட்டை ஒரு நல்ல காற்று ஈடுகட்டிவிடும். பாதையைத் தீர்மானிக்கும் வேலை வடிவியலின் கையிலிருந்து காற்றின் கைக்கும், நாடுகளின் கைக்கும் போய்விடுவது இதனால்தான்.

காற்று

விமானத்துக்கு இரண்டு வேகங்கள் உண்டு. சுற்றியுள்ள காற்றைப் பொறுத்த வேகம் ஒன்று. தரையைப் பொறுத்த வேகம் மற்றொன்று. ஓடும் ஆற்றில் நீந்துபவருக்கும் கரையில் நின்று பார்ப்பவருக்கும் உள்ள வேறுபாடு இது. நீந்துபவரின் உழைப்பு ஒன்றாகவே இருந்தாலும், நீரோட்டத்தோடு போகும்போது கரையின் மரங்கள் வேகமாகக் கடந்துபோகும்.

இன்றைய நெடுந்தூர விமானங்கள் ஒலியின் வேகத்தில் 85 சதவீதம் அளவில் பறக்கின்றன. 11,000 மீட்டர் உயரத்தில் வெப்பநிலை சுமார் –56 பாகை செல்சியஸ். அந்தக் குளிரில் ஒலியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 1,062 கிலோமீட்டர். ஆகவே விமானத்தின் வேகம் 903 கிலோமீட்டர் அளவில் நிற்கிறது. இதை விருப்பம்போல் கூட்டிக்கொள்ள முடியாது. ஒலியின் வேகத்தை நெருங்க நெருங்கக் காற்றின் தடை திடீரென்று உயர்ந்து எரிபொருள் செலவு எகிறிவிடும். பயண நேரத்தை மாற்ற இயந்திரத்தால் செய்யக்கூடியது குறைவு. மீதியைக் காற்றுதான் செய்ய வேண்டும்.

அந்த உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஜெட் காற்றோட்டம் என்னும் குறுகிய, வேகமான காற்றாறு ஓடுகிறது. வெப்பமண்டலத்தின் சூடான காற்றுக்கும் துருவத்தின் குளிர்ந்த காற்றுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடு அதை உண்டாக்குகிறது. பூமியின் சுழற்சி அதைக் கிழக்கே திருப்பிவிடுகிறது. குளிர்காலத்தில் அந்த வேறுபாடு பெரிது, காற்றும் கடுமை. ஜப்பானுக்கு மேலே சில நாட்களில் அது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும்.

இந்தக் காற்றை முறையாக அளந்தவர்களில் முன்னோடி ஜப்பானிய வானிலை அறிஞர் வசபுரோ ஓயிஷி. தத்தேனோ ஆய்வகத்திலிருந்து பலூன்களை விட்டு அளந்து, 1926இல் அறிக்கை வெளியிட்டார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் அதை, உலகப் பொதுமொழியாக இருக்கட்டும் என்று செயற்கையாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோ மொழியில் எழுதினார். அந்த மொழியைப் படிப்பவர்கள் மிகக் குறைவாக இருந்ததால், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானுக்கு மேலே பறந்த அமெரிக்க விமானிகள் அதே காற்றில் மாட்டிக்கொண்டு திகைக்கும் வரை வெளியுலகம் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை.

அதன் வலிமைக்கு அண்மைச் சான்று ஒன்று போதும். 2020 பிப்ரவரியில் ஐரோப்பாவைப் புயல் தாக்கிய இரவில், பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரையைப் பொறுத்து அதன் வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. ஒலியின் வேகத்தை அது மீறவில்லை. காற்று அதைச் சுமந்து வந்தது.

இப்போது நம் பாதைக்கு வருவோம். எடுத்துக்காட்டுக்காக, வழி முழுவதும் சராசரியாக 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று கிழக்கே வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். வானில் இருக்கும் நேரம்:

1. துருவ வழி, காற்றின் உதவி இல்லாமல்: 15,349 கி.மீ., வேகம் 903. ஏறத்தாழ 17 மணி நேரம்.
2. பசிபிக் வழியாகக் கிழக்கே, பின்காற்றோடு: 16,200 கி.மீ., வேகம் 983. சுமார் பதினாறரை மணி நேரம்.
3. அதே பசிபிக் வழியில் மேற்கே திரும்பி, எதிர்க்காற்றில்: 16,200 கி.மீ., வேகம் 823. சுமார் 19 மணி 40 நிமிடம்.
4. அட்லாண்டிக், ஐரோப்பா வழியாகக் கிழக்கே திரும்பி, பின்காற்றோடு: 16,420 கி.மீ., வேகம் 983. சுமார் 16 மணி 42 நிமிடம்.

முதல் இரண்டையும் பாருங்கள்: 850 கிலோமீட்டர் கூடுதலாகப் பறந்தும் அரை மணி நேரம் மிச்சம். மூன்றையும் நான்கையும் பாருங்கள்: திரும்பும் விமானம் வந்த வழியே போகாமல் ஐரோப்பா பக்கம் போவதற்கான காரணம் அங்கேயே இருக்கிறது. நியூயார்க் எதிர்ப்பக்கத்து ஊர் என்பதால், போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு என்று இரண்டு முறையும் பின்காற்றைப் பிடிக்க வழி கிடைக்கிறது. லண்டன்–நியூயார்க் போன்ற பாதைகளுக்கு இந்த வாய்ப்பே இல்லை. அங்கே ஒரு பக்கம் எதிர்க்காற்றை அனுபவித்தே தீர வேண்டும்.

பருவக்காற்றுக்குக் காத்திருந்து வங்கக் கடலைக் கடந்த பாய்மரக் கப்பல்காரர்களும் இதே கணக்கைத்தான் போட்டார்கள். அவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். இன்று விமான நிறுவனத்தின் பாதைத் திட்டப் பிரிவு ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் சில மணி நேரம் முன்னதாக, அன்றைய காற்று முன்னறிவிப்பைக் கணினியில் ஏற்றிப் புதிதாகப் பாதை வகுக்கிறது. ஆகவே நேற்றுப் போன வழியில் இன்று போக வேண்டிய கட்டாயம் இல்லை. நிறுவனம் அறிவித்த 16,700 என்பதும் இப்படிப் பறக்கும் பாதையின் நீளம்தான். பெருவட்டத்தின் நீளம் அல்ல. இரண்டுக்கும் உள்ள சுமார் 1,350 கிலோமீட்டர் வேறுபாடு, சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் இடையிலான வான்தூரத்துக்குச் சமம்.

இந்தியாவிலும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. டெல்லி–சான் பிரான்சிஸ்கோ சேவையை அட்லாண்டிக் வழியாக இயக்கிவந்த ஏர் இந்தியா, 2016 அக்டோபரில் பசிபிக் வழிக்கு மாறியது. 13,900 கிலோமீட்டராக இருந்த பாதை 15,300 ஆக நீண்டது. பயணம் சுமார் இரண்டு மணி நேரம் குறைந்து பதினான்கரை மணி நேரத்தில் முடிந்தது.

பூமி சுழல்வதால் மேற்கே போவது விரைவா?

இந்தக் கேள்வி மாணவர்களிடம் அடிக்கடி வரும். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. பூமத்திய ரேகையில் அந்த வேகம் மணிக்கு 1,670 கிலோமீட்டர். மேலே எழும்பி நின்றால் ஊர் தானாகக் கீழே வந்துவிடாதா?

வராது. வளிமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. ஓடுபாதையில் நிற்கும் விமானத்துக்கும் அந்த 1,670 கிலோமீட்டர் வேகம் ஏற்கெனவே இருக்கிறது. தரையை விட்டு எழும்பியதும் அது மறைந்துவிடுவதில்லை. ஓடும் ரயிலுக்குள் குதித்தால் குதித்த இடத்திலேயே விழுகிறோம் அல்லவா, அதுபோல. நேர வேறுபாட்டுக்குக் காரணம் வளிமண்டலத்துக்குள் தனியாக வீசும் காற்று மட்டுமே.

நாடுகளின் எல்லை வானத்திலும் உண்டு

காற்று ஒருபுறம் இருக்க, ஒரு நாட்டின் மேல் பறக்க அந்த நாட்டின் அனுமதி வேண்டும். கட்டணமும் செலுத்த வேண்டும். சிங்கப்பூர்–நியூயார்க் பெருவட்டம் சைபீரியாவின் முழு நீளத்தையும் கடக்கிறது. உக்ரைன் போரைத் தொடர்ந்து ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியதும், 2022 பிப்ரவரி 28இல் ரஷ்யா 36 நாடுகளின் விமான நிறுவனங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. அதன் பிறகு சைபீரிய வழி உலகின் பல நிறுவனங்களுக்கு நடைமுறையில் அடைபட்டுவிட்டது.

அதன் கடுமையான விளைவைச் சந்தித்தது பின்லாந்து. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ரஷ்யாவின் மேலே நேராகப் பறந்து ஒன்பதரை மணி நேரத்தில் சேர்ந்துகொண்டிருந்த ஃபின்ஏர் விமானங்கள், சுற்றிப் போகத் தொடங்கியதும் சுமார் 13 மணி நேரம் எடுத்துக்கொண்டன. சில விமானங்கள் வடதுருவத்தையே கடந்து போயின. துருவத்தைத் தாண்டியதற்குப் பயணிகளுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். ஆசியாவுக்கு மிகக் குறுகிய வழி தன்னிடம் இருக்கிறது என்ற ஒரே பலத்தை வைத்து வளர்ந்த நிறுவனம் அது. ஓர் அறிவிப்பில் அந்தப் பலம் போய்விட்டது.

இந்தியப் பயணிகளுக்கு இது தொலைவான செய்தி அல்ல. 2025 ஏப்ரல் 24இல் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்கு வான்வெளியை மூடியபோது, டெல்லியிலிருந்து வட அமெரிக்காவுக்குப் பறக்கும் ஏர் இந்தியா விமானங்கள் சுற்றுவழியில் போய், வியன்னா போன்ற இடங்களில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொள்ள நேர்ந்தது. டெல்லியும் நகரவில்லை, வட அமெரிக்காவும் நகரவில்லை. பயணம் மட்டும் சில மணி நேரம் நீண்டது.

துருவத்தின் குளிரும் இரண்டு இயந்திரங்களும்

வழி திறந்திருந்தாலும் துருவப் பாதைக்கு வேறு தடைகள் உண்டு. அவற்றில் முதன்மையானது எரிபொருள் உறைநிலை. உலகின் பல பகுதிகளில் நிரப்பப்படும் ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை –47 பாகை செல்சியஸ். அமெரிக்காவில் பெரும்பாலும் கிடைக்கும் ஜெட் ஏ வகைக்கு –40தான். நீண்ட நேரம் கடுங்குளிரில் பறக்கும்போது இறக்கைக்குள் இருக்கும் எரிபொருள் குளிர்ந்துகொண்டே வரும். விமானி அந்த வெப்பநிலையைக் கண்காணித்து, தேவைப்பட்டால் வேகத்தைக் கூட்டியோ வெதுவெதுப்பான உயரத்துக்கு மாறியோ சமாளிக்க வேண்டும். சூரியப் புயல் நாட்களில் துருவத்தை ஒட்டி வானொலித் தொடர்பு கெடும், கதிர்வீச்சும் கூடும். அன்று நிறுவனங்கள் அந்த வழியைத் தவிர்த்துவிடும்.

இரண்டு இயந்திரம் கொண்ட விமானங்களுக்கு மற்றொரு விதி. ஓர் இயந்திரம் நின்றுபோனால், மீதமுள்ள ஒன்றை வைத்துக் குறிப்பிட்ட நேரத்துக்குள் இறங்கக்கூடிய விமான நிலையம் வழியெங்கும் இருக்க வேண்டும். 1950களில் அமெரிக்காவில் அந்த எல்லை 60 நிமிடம். 1985இல் 120 நிமிடமாக உயர்ந்தபோதுதான் இரட்டை இயந்திர விமானங்கள் அட்லாண்டிக்கை வழக்கமாகக் கடக்கத் தொடங்கின. இன்று ஏர்பஸ் ஏ350-900க்கு 370 நிமிடம் வரை சான்று உண்டு. இயந்திரங்களின் நம்பகத்தன்மை அவ்வளவு உயர்ந்திருக்கிறது. ஆயினும் ஆர்க்டிக்கில் இறங்கினால் முந்நூறு பேரைக் குளிரிலிருந்து காப்பது எப்படி என்ற திட்டமும் நிறுவனத்தின் கையில் இருந்தாக வேண்டும்.

டிக்கெட்டில் உள்ள நேரம் எதை அளக்கிறது?

17 மணி நேரம் எப்படிப் பதினெட்டரைக்கு மேல் போகிறது என்ற கேள்வி மீதமிருக்கிறது. டிக்கெட்டில் இருப்பது வானில் பறக்கும் நேரம் அல்ல. விமானம் வாயிலை விட்டுப் பின்வாங்கும் நொடியிலிருந்து, மறுமுனையில் வாயிலில் வந்து நிற்கும் நொடி வரையிலான நேரம். துறையில் இதை பிளாக் டைம் என்பார்கள். அதற்குள் அடங்குபவை:

1. ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வதும் அங்கே வரிசையில் நிற்பதும். நியூயார்க்கில் நெரிசல் நேரத்தில் இதுவே அரை மணி நேரத்தைத் தாண்டலாம்.
2. ஏறும்போதும் இறங்கும்போதும் குறையும் வேகம்.
3. விமான நிலையத்தை நெருங்கியதும் மற்ற விமானங்களுக்கு இடம்விட்டு வளைந்து வருவது.
4. காற்று சரியாக அமையாத நாட்களுக்கும் சேர்த்து வைக்கும் ஒதுக்கீடு.

நான்காவதுதான் பயணிகளுக்குத் தெரியாதது. அட்டவணை அச்சிடும்போது எந்த நாளில் என்ன காற்று வீசும் என்று யாருக்கும் தெரியாது. பல ஆண்டுகளின் காற்றுப் பதிவுகளைப் பார்த்து, பெரும்பாலான நாட்களில் தாமதமின்றிச் சேரும்படி நேரத்தை வகுக்கிறார்கள். நல்ல காற்று கிடைத்த நாளில் விமானம் அரை மணி, முக்கால் மணி முன்னதாக வந்துவிடுவது இதனால்தான். கோடை அட்டவணை, குளிர்கால அட்டவணை என்று ஆண்டுக்கு இருமுறை மாற்றுவதிலும் காற்றுக்குப் பங்கு உண்டு.

எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள்

இவ்வளவு நீண்ட பயணத்தின் விலை கிலோமீட்டரோடு ஒரே சீராகக் கூடுவதில்லை; கடைசிக் கிலோமீட்டர்கள்தான் மிகச் செலவானவை. பதினெட்டாவது மணி நேரத்தில் எரிக்க வேண்டிய எரிபொருளை அதற்கு முந்தைய 17 மணி நேரமும் சுமந்து வர வேண்டும். சுமக்கும் கூடுதல் எடையில் மணிக்கு ஏறத்தாழ 3 சதவீதம் எரிபொருளாகக் கரையும் என்பது நடைமுறைக் கணக்கு. அதன்படி, புறப்படும்போது ஏற்றிய ஒரு டன் கூடுதல் எரிபொருளில் சுமார் 400 கிலோ, தன்னைத் தானே சுமப்பதிலேயே தீர்ந்துவிடும்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இந்தப் பாடத்தைக் கடினமான வழியில் கற்றது. 2004இல் நான்கு இயந்திரம் கொண்ட ஏ340-500 விமானங்களை வைத்து நுவார்க் சேவையைத் தொடங்கியது. எரிபொருள் விலை ஏறியபோது எல்லா இருக்கைகளையும் உயர்வகுப்பாக்கி 100 பேரை மட்டும் ஏற்றிப் பார்த்தது. அதுவும் தாங்காமல் 2013இல் சேவை நின்றது. 2018 அக்டோபர் 11இல் அதைத் திரும்பக் கொண்டுவந்தது இரண்டே இயந்திரம் கொண்ட ஏ350-900 யூஎல்ஆர் என்னும் மிக நெடுந்தூர வகை விமானம். இதன் எரிபொருள் கொள்ளளவு 141,000 லிட்டரிலிருந்து 165,000 லிட்டராக உயர்த்தப்பட்டது. அவ்வளவும் நிரப்பினால் எடை சுமார் 130 டன். விமானம் புறப்படக்கூடிய உச்ச எடையே 280 டன்தான். ஏறத்தாழ பாதி எடை எரிபொருள்.

மீதிப் பாதியில்தான் விமானத்தின் உடலும் மனிதர்களும் அடங்க வேண்டும். ஆகவே 161 இருக்கைகள் மட்டும்: பிசினஸ் வகுப்பில் 67, பிரீமியம் எகானமியில் 94. சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. முன்பக்கச் சரக்கு அறை பயன்பாட்டில் இல்லை. நான்கு விமானிகள் முறை வைத்து ஓய்வெடுத்து ஓட்டுகிறார்கள். இந்தப் பாதையில் கட்டணம் ஏன் அவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இந்த எடைக் கணக்குதான் நேர்மையான பதில். ஃபிராங்ஃபர்ட்டில் இறங்கிப் போகும் விமானத்தில் நேரம் கூடும். ஆனால் அந்த விமானம் குறைவான எரிபொருளோடு புறப்பட்டு, அதிகம் பேரை ஏற்றிக்கொள்ள முடிகிறது.

கடிகாரமும் தேதியும்

கடைசிக் குழப்பம் தேதி. சிங்கப்பூர் உலகப் பொது நேரத்துக்கு 8 மணி முன்னால் இருக்கிறது. நியூயார்க் குளிர்காலத்தில் 5 மணி பின்னால், கோடைகால நேரம் நடக்கும் மாதங்களில் 4 மணி பின்னால். ஆகவே வேறுபாடு 13 மணி அல்லது 12 மணி. புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் நேராகக் கழித்தால் பயண நேரம் வராது. முதலில் இரண்டையும் ஒரே ஊரின் நேரத்துக்கு மாற்ற வேண்டும்.

குளிர்காலத்தில் ஒரு திங்கள் இரவு பதினொன்றரைக்கு சிங்கப்பூரிலிருந்து கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். பதினெட்டரை மணி நேரம் கழித்து சிங்கப்பூரில் செவ்வாய் மாலை 6 மணி. நியூயார்க்கில் அப்போது செவ்வாய் அதிகாலை 5 மணி. கடிகாரத்தை மட்டும் பார்த்தால் ஐந்தரை மணி நேரத்தில் வந்துவிட்டதுபோல் இருக்கும். திரும்பும்போது திங்கள் இரவு பத்தரைக்குக் கிளம்பி, 18 மணி 50 நிமிடம் பறந்தால், சிங்கப்பூரில் புதன் காலை 6.20க்கு இறங்குவோம். செவ்வாய் முழுவதும் வானத்தில் போய்விடும்.

போகும் வழியில் ஜன்னல் திரையைத் திறந்து வைத்திருப்பவருக்கு ஒன்று தெரியும். ஜப்பானை நெருங்கும்போது செவ்வாய்க்கிழமைச் சூரியன் உதிக்கும். விமானம் கிழக்கே விரைவதால், வட பசிபிக்கின் குறுகிய குளிர்காலப் பகல் சில மணி நேரத்திலேயே முடிந்து, சூரியன் பின்னால் மறைந்துவிடும். நடுவில் பன்னாட்டுத் தேதிக் கோட்டைக் கடந்ததில் தேதி மீண்டும் திங்களாகியிருக்கும். பிறகு ஓர் இரவு. நியூயார்க்கில் இறங்கி, குடிநுழைவு வரிசையைத் தாண்டி வெளியே வரும்போது செவ்வாய்க்கிழமைச் சூரியன் இரண்டாம் முறையாக உதிக்கும். ஐரோப்பா வழியாகவே வீடு திரும்பினால் அவர் பூமியை ஒரு முழுச் சுற்று சுற்றியிருப்பார். வீட்டிலேயே இருந்தவர்களைவிட ஒரு சூரிய உதயம் கூடுதலாகப் பார்த்திருப்பார்.